ஓடும் ஆறு ஊர் எல்லை பார்ப்பதில்லை: உள்ளாட்சிகள் கூடித் திட்டமிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் பதவிக்கு வந்த மன்ற உறுப்பினர்கள், கோப்பு எழுதும் அலுவலர்கள், வரி கட்டுகிற பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்பும் இந்தக் கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. பணம், ஓட்டு, விலகல் ஆகியவைதான் சிக்கலான இடங்கள் என்பதால் அங்கே கொஞ்சம் அதிகம் பேசியிருக்கிறேன்.

வட்டாரத் திட்டம் என்பதும் மாஸ்டர் பிளான் என்பதும் ஒன்றுதானா?

இல்லை. மாஸ்டர் பிளான் ஓர் ஊரின் எல்லைக்குள் எந்த நிலம் எதற்கு என்று சொல்கிறது. ஓர் ஊரால் தனியாகத் தீர்க்க முடியாததை எடுத்துக்கொள்வது வட்டாரத் திட்டம். குடிநீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், பேருந்து எந்த வழியில் ஓடும், குப்பை எங்கே சேரும், புதிய வீடுகள் எந்தப் பக்கம் வளரும் என்பவை அதன் கேள்விகள். காலையில் ஓர் ஊரில் புறப்பட்டு, இரண்டாவது ஊரைக் கடந்து, மூன்றாவது ஊரில் வேலைக்குப் போகிறவர் ஒரு நாளில் மூன்று நிர்வாகங்களைத் தாண்டுகிறார். அவருடைய பயணத்தை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு அந்த மூன்றில் எதற்கும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வட்டாரத் திட்டம்.

எங்கள் ஊர் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பக்கத்து ஊரோடு எதற்குச் சேர வேண்டும்?

தெரு விளக்குக்குச் சேர வேண்டியதில்லை. சாக்கடைக்குச் சேர்ந்துதான் ஆக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த சிறந்த கதை ஜெர்மனியின் எம்ஷர் ஆறு.

ரூர் நிலக்கரிப் பகுதியின் நடுவே ஓடும் சிறிய ஆறு அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் அமிழ்ந்தது. ஆற்றின் சரிவு கெட்டு, ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் ஓட வழியில்லாமல் தேங்கின. வெள்ளமும் நோயும் வந்தன. மேட்டில் இருந்த ஊர் தன் கழிவைத் தள்ளிவிட்டால் அதற்குப் பிரச்சினை முடிந்தது, கீழே இருந்த ஊருக்கு அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. எந்த ஊரும் தனியாகச் செலவு செய்து பயனில்லை. 1899இல் அந்த ஆற்றுப் படுகையின் நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து எம்ஷர் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கின. 1904இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது.

கவனிக்க வேண்டியது அதன் கணக்கு. யாரால் எவ்வளவு சேதம், யாருக்கு எவ்வளவு பயன் என்று பார்த்துப் பங்குத்தொகை விதித்தார்கள். மக்கள் தொகையை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால், குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு ஆற்றையே கெடுத்த ஆலை தப்பியிருக்கும். நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் குழாய் பதிக்க முடியவில்லை, உடைந்துபோகும். எனவே ஆற்றையே திறந்த கான்கிரீட் சாக்கடையாக மாற்றினார்கள். அழகான தீர்வு இல்லை, ஆனால் பல தலைமுறைகள் அதில் ஊர்கள் பிழைத்தன. சுரங்கங்கள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்த பிறகு, 1992இல் ஆற்றை மீட்கும் வேலை தொடங்கியது. 51 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமான கழிவுநீர்க் கால்வாய், சுமார் 550 கோடி யூரோ செலவு, ஏறத்தாழ 30 ஆண்டுகள். 2021 முடிவில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது நின்றது.

இத்தனை காலத்தில் எத்தனை மேயர்கள் மாறியிருப்பார்கள், எத்தனை ஆட்சிகள் கவிழ்ந்திருக்கும்! அமைப்பு மட்டும் நின்றது. அதைத் தாங்கிப் பிடித்தது பங்குக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

பேசாமல் எல்லா ஊர்களையும் ஒன்றாக இணைத்துவிட்டால் என்ன?

சில நாடுகள் செய்திருக்கின்றன. டென்மார்க் 2007இல் 271 நகராட்சிகளை 98 ஆக்கியது. அது நிலைத்தது. கனடாவின் தீவு நகரமான மாண்ட்ரியலில் வேறு கதை. 2002இல் அந்தத் தீவிலிருந்த 28 நகராட்சிகளும் ஒரே நகரமாக்கப்பட்டன. மக்கள் ஏற்கவில்லை. 2004இல் வாக்கெடுப்பு நடந்து, 2006 ஜனவரி 1 அன்று 15 ஊர்கள் மறுபடி தனியாயின. ஆனால் காவல், தீயணைப்பு, குடிநீர் போன்றவற்றைப் பிரிக்க முடியவில்லை. அவற்றுக்காக ஒரு கூட்டு மன்றம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இணைத்துப் பார்த்து, பிரித்துப் பார்த்து, கடைசியில் கூட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

இணைப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. எவ்வளவு பெரிய நகரமாக இணைத்தாலும் அதற்கும் ஒரு விளிம்பு இருக்கும். 10 ஆண்டுகளில் வீடுகள் அந்த விளிம்பைத் தாண்டிவிடும்.

கூட்டு அமைக்க என்னென்ன வழிகள் உள்ளன?

மிக எளியது ஒப்பந்தம். ஓர் ஊர் சேவை செய்கிறது, இன்னொன்று பணம் கொடுக்கிறது. கலிபோர்னியாவின் லேக்வுட் 1954இல் நகரமானபோது தனக்கென்று காவல் துறை அமைக்கவில்லை. மாவட்ட நிர்வாகத்திடம் அந்தச் சேவையை விலைக்கு வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்து வேறு பல ஊர்களும் அதே வழியில் போயின.

அடுத்தது ஆலோசனைக் குழு. தலைவர்கள் கூடுவார்கள், பேசுவார்கள், தீர்மானம் போடுவார்கள், யாரையும் கட்டுப்படுத்தாது. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இரண்டு ஊர்த் தலைவர்களுக்கு ஒருவர் தொலைபேசி எண் இன்னொருவரிடம் இருப்பதே சில இடங்களில் பெரிய முன்னேற்றம்.

மூன்றாவது, சட்டப்படி தனி ஆளுமை உள்ள கூட்டமைப்பு. இது சொந்தப் பெயரில் கடன் வாங்கலாம், ஆள் எடுக்கலாம், வழக்குப் போடலாம். பிரான்ஸில் 1890 முதலே ஊர்கள் சேர்ந்து இப்படிச் சங்கம் அமைக்கச் சட்டம் உண்டு. பிரேசிலில் சாவ் பாவ்லோவை ஒட்டிய ஏழு நகராட்சிகள் 1990இல் கிராண்டே ஏபிசி கூட்டமைப்பைத் தொடங்கின. இத்தகைய பொதுக் கூட்டமைப்புகளுக்கு அங்கே உறுதியான தேசியச் சட்ட அடித்தளம் கிடைத்தது 2005இல்தான். நான்காவது வகை, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வட்டார அரசு. அது அரிது, பின்னால் வருகிறேன்.

செலவை எப்படிப் பிரிப்பது?

சண்டை வரும் இடம் இது. இதைப் பேசாமல் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் கூட்டங்களை நான் நம்புவதில்லை.

மூன்று ஊர்கள் சேர்ந்து ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மக்கள் தொகை 60,000, 30,000, 10,000. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் கணக்கு எளிது, ஆனால் சரியில்லை. சின்ன ஊரில் ஒரு சாயப்பட்டறை இருந்தால் அதன் கழிவு மட்டுமே நடு ஊரின் கழிவை மிஞ்சலாம். அதனால் செலவை இரண்டாக உடைக்க வேண்டும். கட்டுமானச் செலவை, ஒவ்வோர் ஊரும் எத்தனை கொள்ளளவு ஒதுக்கிக் கேட்கிறதோ அந்த விகிதத்தில் பிரிக்கலாம். மின்சாரம், வேதிப்பொருள், ஆட்கூலி போன்ற நடப்புச் செலவை, மீட்டர் காட்டுகிற அளவில் பிரிக்கலாம். மீட்டர் யார் வைப்பது, யார் படிப்பது, பழுதானால் அந்த மாதத்துக்கு எந்த எண் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், மீட்டர் பழுதான மாதத்தில் ஆரம்பிக்கும் தகராறு மீட்டரோடு நிற்காது.

பலர் மறப்பவை இரண்டு. ஒன்று, நிலையம் எந்த ஊரில் வருகிறதோ அந்த ஊரின் பாடு. நாற்றம், லாரி, நில மதிப்புச் சரிவு எல்லாம் அங்கே. அந்த ஊருக்குப் பங்கில் தள்ளுபடியோ தனித் தொகையோ வைக்காவிட்டால், எந்த ஊரும் இடம் தராது. தருவதாகச் சொன்ன தலைவரும் அடுத்த தேர்தலில் இருக்க மாட்டார். இரண்டு, பிறகு வந்து சேர்பவர். எட்டாவது ஆண்டில் நான்காவது ஊர் வந்து, நடப்புச் செலவை மட்டும் தருகிறேன் என்றால், முதலில் கடன் வாங்கிக் கட்டியவர்கள் ஏமாளிகள். நுழைவுப் பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்று முதல் நாளே ஒரு வரி இருக்க வேண்டும்.

தொழிற்சாலை ஓர் ஊரில் வருகிறது. வரி அந்த ஊருக்கு மட்டுமா?

பொதுவாக அப்படித்தான். அதனால்தான் ஊர்கள் போட்டிபோட்டுக்கொண்டு வரிச் சலுகை தருகின்றன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். ஓர் ஊரின் சலுகைக் கடிதத்தைக் காட்டி அடுத்த ஊரில் பேரம் பேசுவார்கள். கடைசியில் ஆலை வரும் ஊருக்கும் வரி பெரிதாகக் கிடைக்காது, தொழிலாளர் குடியிருக்கும் பக்கத்து ஊர் பள்ளிக்கும் சாலைக்கும் தன் காசில் செலவழிக்கும்.

இதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971இல் ஒரு வழி கண்டது. மினியாபோலிஸ், செயிண்ட் பால் என்னும் இரட்டை நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில், வணிக, தொழில் சொத்துகளின் வரி மதிப்பு 1971க்குப் பின் எவ்வளவு வளர்ந்ததோ அதில் 40 சதவீதம் பொதுப் பானைக்குப் போகும். மிச்சம் 60 சதவீதம் அந்த ஊருக்கே. பானையிலிருந்து பிரிக்கும்போது மக்கள் தொகையையும் சொத்து வளத்தையும் பார்த்து, வளம் குறைந்த ஊருக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். இதை எதிர்த்து வழக்கு நடந்தது, சட்டம் நின்றது, இன்றும் நடப்பில் இருக்கிறது.

இதன் நுட்பம், ஏற்கெனவே கையில் இருந்த வரியைத் தொடவில்லை என்பது. இனி வரப்போவதில்தான் பங்கு. கையில் இருப்பதைப் பங்கிடச் சொன்னால் எவரும் எழுந்து போய்விடுவார், வராத பணத்தைப் பங்கிட உட்கார்ந்து பேசுவார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தச் சட்டத்தை வரைந்தவர்களை மெச்சலாம்.

பெரிய ஊர் எங்களை அமுக்கிவிடாதா?

நியாயமான பயம். ஊருக்கு ஓர் ஓட்டு என்றால், 5,000 பேர் உள்ள ஐந்து ஊர்கள் சேர்ந்து ஐந்து லட்சம் பேர் உள்ள நகரத்தைத் தோற்கடிக்கலாம். தலைக்கு ஓர் ஓட்டு என்றால், மற்றவர்கள் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். நடைமுறையில் இரண்டையும் கலக்கிறார்கள். கனடாவின் மெட்ரோ வான்கூவர் என்னும் வட்டாரக் கூட்டமைப்பில் 20,000 மக்களுக்கு ஓர் ஓட்டு, ஆனால் ஓர் உறுப்பினர் கையில் ஐந்து ஓட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய நகரம் கூடுதல் உறுப்பினர்களை அனுப்பும். பிரான்ஸில் ஒவ்வோர் ஊருக்கும் குறைந்தது ஓர் இடம் உண்டு, எந்த ஊரும் மொத்த இடங்களில் பாதிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

எனக்கு இரண்டாவது விதி பிடிக்கும். பெரிய நகரம் எவ்வளவு பெரிதானாலும், ஒரு கூட்டாளியையாவது சம்மதிக்க வைத்தால்தான் எதையும் நிறைவேற்ற முடியும்.

விலக முடியுமா?

முடிய வேண்டும். வெளியேறும் வாசல் தெரியாத வீட்டுக்குள் யாரும் துணிந்து நுழைய மாட்டார்கள். ஆனால் வாசல் அகலமாகவும் இருக்கக் கூடாது.

இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டரில் பத்து மன்றங்கள் சேர்ந்து 2011இல் கூட்டு ஆணையம் அமைத்தன. வீடுகளுக்கும் தொழிலுக்கும் நிலம் ஒதுக்கும் கூட்டுத் திட்டத்தையும் பத்தும் சேர்ந்தே எழுதின. பசுமை நிலங்களில் வீடு கட்டுவது பெரிய சர்ச்சையானது. 2020 டிசம்பரில் ஸ்டாக்போர்ட் மன்றம் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. மற்ற ஒன்பதும் திட்டத்தைத் திருத்தி எழுதி 2024 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஸ்டாக்போர்ட் விலகியது திட்டத்திலிருந்து மட்டும், கூட்டு ஆணையத்தில் அது தொடர்கிறது. ஒரு விஷயத்தில் பிணக்கு வந்தால் மொத்தமும் உடைய வேண்டியதில்லை என்பதற்கு நல்ல உதாரணம். அதே நேரத்தில், ஓர் ஊர் விலகியதால் பல ஆண்டு வேலையைத் திருத்த வேண்டிவந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான் எதிர்பார்ப்பவை இவை: விலகுவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்பு, நிதியாண்டு முடிவில் மட்டும் விலகல், வாங்கிய கடனில் தன் பங்கு அடையும்வரை பொறுப்பு, பொதுச் சொத்தில் கை வைக்க முடியாது.

மேலே உள்ள அரசு கட்டாயப்படுத்தினால் என்ன?

பிரான்ஸ் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விருப்பத்துக்கு விட்டது. சுமார் 35,000 ஊராட்சிகள் உள்ள நாடு அது. 1999இல் கூட்டுச் சேர்ந்து வரியைப் பொதுவாக்கும் ஊர்களுக்குக் கூடுதல் மானியம் தந்தது. கூட்டுகள் மளமளவென்று பெருகின. 2010இல் மிச்சமிருந்த ஊர்களும் ஏதோ ஒரு கூட்டில் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டமானது. முதலில் வெல்லம், பிறகு பிரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1962 நெடுஞ்சாலைச் சட்டம் இன்னும் நேரடியானது. 50,000க்கு மேல் மக்கள் உள்ள நகர்ப்பகுதிகளில் உள்ளாட்சிகளும் மாநிலமும் கூடித் தொடர்ந்து திட்டமிட்டால்தான் சாலைப் பணம். அதற்கெனவே போக்குவரத்துத் திட்ட அமைப்புகள் முளைத்தன. இந்தியாவில் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவையும், 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள பெருநகரப் பகுதிகளுக்குப் பெருநகரத் திட்டக் குழுவையும் கட்டாயமாக்கியது. பெருநகரக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்தில் உறுதியான ஏற்பாடு. ஆனால் சட்டம் குழு அமைக்கச் சொல்லலாம், பணம் அந்தக் குழுவின் வழியாகப் போகாவிட்டால் அதன் திட்டத்தை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒருவரை ஒருவர் நம்பாத ஊர்கள் எப்படித் தொடங்குவது?

நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றாக அளக்கத் தொடங்குங்கள்.

லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய மேற்குப் படுகை என்னும் நிலத்தடி நீர்ப் பகுதியில் 1940களில் நகரங்களும் குடிநீர் நிறுவனங்களும் ஆலைகளும் நிலத்தடி நீரைப் போட்டிபோட்டு உறிஞ்சின. நீர்மட்டம் இறங்கி, கடல்நீர் உள்ளே புகுந்தது. நான் நிறுத்தினால் மற்றவன் எடுப்பான் என்பதுதான் எல்லோர் மனதிலும். 1950களில் ஓர் இடைக்கால ஒப்பந்தம் வந்தது. மொத்த நீர் உரிமையில் 80 சதவீதம் வைத்திருப்போர் கையெழுத்திட்டால்தான் அது உயிர்பெறும் என்று எழுதினார்கள். முதலில் கையெழுத்திடுபவர் ஏமாற மாட்டார். யார் எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கை நடுவர் ஒருவர் ஆண்டுதோறும் வெளியிட்டார். பின்னாளில் 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் தன் முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்தப் படுகையைத்தான். பொதுவளத்தைக் காக்க ஒரே பெரிய அதிகாரம் வந்துதான் ஆக வேண்டும் என்ற எண்ணத்தை அவருடைய பிற்காலப் பணிகள் அசைத்தன.

இந்தக் கூட்டு அமைப்பு தவறு செய்தால் மக்கள் யாரைக் கேட்பது?

பெரும்பாலான கூட்டுகளின் பலவீனமான இடம் இது. உங்கள் மன்ற உறுப்பினரைக் கேட்டால் கூட்டு அமைப்பைக் கைகாட்டுவார். கூட்டு அமைப்பைக் கேட்டால் ஊர்களின் முடிவு என்பார்கள். அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து வட்டாரம் இதற்குத் தேர்தலை விடையாக வைத்தது. 1978இல் மக்கள் வாக்களித்து, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மன்றத்தோடு மெட்ரோ என்ற வட்டார அரசை ஏற்றார்கள். நகர வளர்ச்சி எதுவரை போகலாம் என்ற எல்லைக்கோட்டை நிர்வகிப்பது அதுதான். அந்தக் கோடு பிடிக்காதவர் அந்த மன்றத்துக்கு எதிராகவே ஓட்டுப் போடலாம்.

தேர்தல் வைக்க முடியாத இடத்தில் குறைந்தபட்சம் மூன்று வேண்டும். கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்க வழி, ஊர்வாரியாக யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பதிவு, உறுப்பு ஊர்களின் கையில் இல்லாத தணிக்கை.

தனி அலுவலகம், தனி ஊழியர் வேண்டுமா?

ஒரே ஒருவராவது வேண்டும். எல்லோருக்கும் கூடுதல் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை.

முதலில் எதைக் கையில் எடுப்பது?

2050ஆம் ஆண்டுத் தொலைநோக்கை எடுக்காதீர்கள். இரண்டு ஊர்களுக்கும் இப்போதே செலவு வைத்துக்கொண்டிருக்கிற ஒன்றை எடுங்கள். சாக்கடை அடைப்பெடுக்கும் வண்டியைச் சேர்ந்து வாங்கலாம். எல்லையில் பாதியில் நிற்கும் சாலையை முடிக்கலாம். இரண்டு ஊர் வரைபடத்தையும் ஒரே அளவுகோலில் ஒட்டிப் பார்ப்பதுகூட நல்ல தொடக்கம். எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு என்றும் அந்தப் பக்கம் ரசாயனக் கிடங்கு என்றும் ஒதுக்கியிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

ரூர் பகுதியில் சாக்கடைக் கூட்டு வந்தது 1899இல். சாலை, பசுமை வெளி, குடியிருப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடும் வட்டாரச் சங்கம் 1920இல்தான் அமைந்தது. இடையில் 21 ஆண்டுகள் ஓடிவிட்டன, ஆனால் அதற்குள் ஊர்களுக்குச் சேர்ந்து பணம் கட்டிப் பழக்கமாகியிருந்தது.